கிணற்றில் மிதந்த பிணம் நான்தான்

ஓடியாடி விளையாட வராதவர்களுக்கு இந்த உலகத்தில் அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, திண்டிவனத்தில் என்னைக் கண்டவர்கள் அத்தனை பேரும் பி.டி. வாத்தியார்களாகிவிட்டார்கள். காய்கறிக்காரர்கூட, "நடம்மா, நடந்தா எல்லாம் சரியாப்பூடும்" என்றார். (தக்காளி வாங்க அவர் கடைக்கு நான் என்ன பறந்தா போயிருந்தேன்?)

என் கணவர் விடியற்காலையில் எழுந்து ஊரையே சுற்றிவருகிறவர். அவரோடு கிளம்பினால், நான் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அவர் திரும்பி வந்துகொண்டிருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஷட்டில் ஆடிப் பார்த்தேன். பந்து வந்த பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் என் மட்டை போனது. மூன்றாம் நாள் அவர்களே, "நீங்க ஸ்கோர் சொல்லுங்க அக்கா" என்று நாற்காலி போட்டுவிட்டார்கள்.

ஓமந்தூர்ப் பக்கம் பயிர் வைத்திருக்கும் என் நாத்தனார் செல்விதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"உங்களுக்கு நீச்சல்தான் அண்ணி சரி. ஓட வேணாம், குதிக்க வேணாம். தண்ணியே தூக்கிக்கும்."

என்னைத் தூக்கிக்கொள்ள ஒருவர் தயார் என்றதும் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

மழைக்குப் பிறகு அவர்கள் கிணறு மேல்படிவரை ததும்பிக்கொண்டிருந்தது. செல்வி என் சுடிதாருக்கு மேல் ஒரு காலி பிளாஸ்டிக் கேனை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னொரு கேனையும் எடுத்துவந்தாள். (அவமானம்! ஆனால் உயிர் முக்கியம்.)

மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் கிணற்றில் பாதியைக் குடித்தேன். பிறகு அவள் சொன்னபடி மல்லாந்து படுத்தேன். என்ன ஆச்சரியம், மிதந்தேன்! காதுவரை தண்ணீர், மேலே வட்டமாக வானம். எப்போதும் வலிக்கிற முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. என் உடம்பு எனக்கே பாரமாக இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"அண்ணி, மல்லாட்டைக்குத் தண்ணி போய்க்கினு கீது. மடைய மாத்திட்டு ஜல்தியா வந்துடறேன். படிய மட்டும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வி நிலக்கடலைக் கொல்லைக்குப் போக மேலே ஏறினாள்.

விட்டேன். கொஞ்சம்தான் விட்டேன். அதற்குள் நடுக்கிணற்றுக்குப் போயிருந்தேன். திரும்பிவரக் கையை அடித்தால் இருந்த இடத்திலேயே செக்குமாடு மாதிரி சுற்றினேன். சரி, அவள் வரட்டும் என்று கைகளை விரித்து, கண்ணை மூடிக் கிடந்தேன். அவிழ்ந்த கூந்தல் என்னைச் சுற்றிப் பரவியிருந்தது.

ஆடு மேய்க்கும் கோவிந்தம்மா அந்த நேரம் பார்த்துத்தான் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டுமா?

"ஐயையோ! கெணத்துல பொணம்! யாரோ ஒரு பொம்பள செத்து மெதக்குதே!"

தண்ணீருக்குள் இருந்த என் காதில் 'பொணம்' என்பது மட்டும்தான் விழுந்தது. என்னோடு இதே கிணற்றில் ஒரு பிணமா? இரண்டு கையையும் தூக்கி, "எங்க? எங்க இருக்குது பொணம்?" என்று அலறினேன்.

பிணமே எழுந்து விசாரித்தால் மனுஷி என்ன செய்வார், பாவம். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்.

செல்வி வருவதற்குள் கிணற்றைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அறிவுரை ஆரம்பமாயிற்று. "கைய அடிம்மா!" "கால ஒதை!" "மூச்ச அடக்கு!" இவர்கள் வாயை அடக்கியிருந்தாலே நான் கரைசேர்ந்திருப்பேன். கடைசியில் செல்வி குதித்து, கேன் கட்டிய கயிற்றைப் பிடித்து என்னைப் படிக்கு இழுத்துவந்தாள்.

இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் என் கணவருக்குப் போன் செய்திருந்தார். நான் உடை மாற்றி, மோட்டார் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பைக் வந்து நின்றது. காலில் செருப்பில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பேஜாரு புடிச்சவளே! ஒழுங்கா வாக்கிங் போன்னு சொன்னேனே, கேட்டியா?"

இப்போதும் ஞாயிறுதோறும் அந்தக் கிணற்றுக்குப் போகிறேன். கேன் இல்லாமலே மிதக்கிறேன், தட்டுத்தடுமாறி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும் போய்விடுகிறேன். விழுப்புரத்துச் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில், "இவங்கதான் எங்க பொணம்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். கோவிந்தம்மா மட்டும் கிணற்றை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தால் தூரத்திலேயே நின்று குரல் கொடுப்பார்.

"யம்மா... உசுரோட கீறியா?"

"கீறேன் கோவிந்தம்மா, நல்லாவே கீறேன்!" என்று நான் உள்ளேயிருந்து கத்திய பிறகுதான் ஆடுகளைத் தொட்டித் தண்ணீருக்கு விடுவார்.