வலது கை வீக்கம்

புகழேந்தியின் வலது முன்கை ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. இடது கை பரம சாதுவாக இருந்தது. இருந்து என்ன, மனுஷனைக் கவிழ்க்க ஒரு கை போதாதா?

சிங்கப்பூர் வேலைக்கு மெடிக்கல். நாலு வருஷமாக ஏஜெண்ட் வாசலில் காத்துக் கிடந்து பிடித்த வேலை. கும்பகோணத்து ஆஸ்பத்திரியில், "ஆளு ரொம்ப மெலிஞ்சிருக்கீங்களே" என்று இரண்டு கையிலும் ஊசி போட்டிருந்தார்கள். நர்ஸ் ஜெயா பொறுமையாகத்தான் விளக்கினார்.

"இது டி.பி. கிருமியோட சத்துங்க. உடம்புக்குள்ள மேக்ரோபேஜ்னு விழுங்குற செல்லுங்க இருக்கு. ஏற்கெனவே பழகின கிருமின்னா அடையாளம் தெரிஞ்சு கூட்டம் கூடிடும், அந்த இடம் தடிக்கும். மூணாம் நாள் வாங்க, பார்ப்போம்."

டி.பி. என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் இவன் மண்டையில் ஏறவில்லை. அப்பா குடவாசல் வீட்டில் இருமி இருமிச் செத்தது அந்த நோயில்தான்.

"முடிஞ்சுது மலரு. அப்பாவோட கிருமி எனக்குள்ளயும் குடியிருக்கு" என்றான். மறுநாள் வீட்டில் தடித்த கையை மனைவியிடம் நீட்டினான்.

மலர்க்கொடி புருஷனைப் போல உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி அழுத்தி ஒத்தினாள். தடிப்பு இன்னும் சிவந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்லத்துரை, மத்தியோடு ஒரு யோசனையையும் இலவசமாகக் கொடுத்தார்.

"சுண்ணாம்பு தடவுங்க தம்பி, அமுங்கிடும்."

தடவினார்கள். கை வெந்து கொப்புளம் கண்டது. அதை மறைக்க, பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை.

"என்ன புகழு, பொண்ணு பாக்கவா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

"ஆமா, எழவு வீட்டுக்கு" என்று எரிந்து விழுந்தான். வேறென்ன சொல்வான் பாவம்?

கடைசியில் ஒரு மருந்துக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி, வேளைக்கு இரண்டாக விழுங்கினான். பாழாய்ப்போன பசி பிடித்துக்கொண்டது. பத்து இட்லி தின்றும் அடங்கவில்லை. ஆனால் கொப்புளம் அமுங்கி, வீக்கம் இருந்த இடமும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நர்ஸ் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"பாருங்க சிஸ்டர், எங்கயும் வீங்கல."

அவர் இடது கையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். வலது கையைத் தடவியதும் முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், தாளில் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

 சிங்கப்பூர் கண்ணெதிரே கடலில் முழுகியது.

"ரெண்டு கையும் சுத்தமா இருக்கே சிஸ்டர், அப்புறம் என்னங்க?"

ஜெயா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டி.பி. ஊசி இடது கையிலதாங்க. வலது கையில போட்டது எல்லாருக்கும் பழகின கிருமி, எதிர்ப்புச் சக்தி உசிரோட இருக்கிற உடம்புன்னா அங்க வீங்கியே ஆகணும்!"