மீனுக்கு வந்த அம்மை

என் அண்ணி ஒரு பொய்க்காரி. என் மீன்களுக்கு வந்தது அம்மை என்றும், அதை இறக்கியதே தான்தான் என்றும் எண்பதுகளிலிருந்து இன்றுவரை சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்போது நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அறிவியல் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு உயிரோடு கடல்மீன் கொண்டுவருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் வாயை விட்டிருந்தேன் (அவர் கேட்கவே இல்லை). பட்டினச்சேரி மீனவர்கள் கடலடிப் பாறைப் பக்கம் பிடித்துத் தந்த வண்ணாத்தி மீன்கள், கூடவே ஒரு நண்டு. சைக்கிளில் கேன் கட்டிக் கடல்தண்ணீர் சுமந்து, நெரவியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொட்டி வைத்தேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், மீன் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. விலங்கியல் பட்டதாரியான நான் ஆராய்ந்து, உப்பு படிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன் (பட்டம் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்). மீன்கள் மணலில் உடம்பைத் தேய்த்தன. தீனியைத் தொடவில்லை.

அண்ணி எட்டிப் பார்த்தார். “அம்மை போட்டிருக்கு தம்பி.”

“மீனுக்கு எப்படிங்க அண்ணி அம்மை வரும்?”

“வந்திருக்கே.”

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. “மீன் குழம்பு என்னாச்சு?” என்று அண்ணன் கேட்டார். “மீனுக்கே அம்மை போட்டிருக்கு, மீன் குழம்பு கேக்குறீங்களா?” அண்ணன் தாளிக்காத ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை முறைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியைப் பார்வையிட வந்தார் தலைமையாசிரியர். வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

“யாருக்குங்க?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி சொன்னார்: “மீனுக்குங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உடம்பைப் பாத்துக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். என் வேலை அந்த சைக்கிள் கேரியரில் ஏறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால் தொட்டியில் வேப்பிலை மிதக்கிறது. பாதிக் கடல்தண்ணீரை மொண்டு கொல்லையில் ஊற்றிவிட்டு, அடிபம்புத் தண்ணீரை வெயிலில் வைத்து நிரப்பியிருக்கிறார் அண்ணி.

“கடல்மீனுக்கு நல்ல தண்ணியா? கொன்னுட்டீங்களே!”

“கத்தாதீங்க தம்பி. தலைக்கு ஊத்தியிருக்கேன்.”

சாகவில்லை. நாளாக நாளாகப் புள்ளி உதிர்ந்தது, தீனிக்கு முண்டியடித்தன. அது ஒட்டுண்ணி, உப்பு குறைந்தால் செத்துப்போகும் என்று கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் பிறகு சொன்னார். கண்காட்சியில் மற்ற மேசைகளில் ஈ ஓட்டினார்கள். அம்மை போட்ட மீனைப் பார்க்க நெரவியே திரண்டு வந்தது. தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். வேலையும் நிலைத்தது.

ஆனால் பெயர் போகவில்லை. என் பேத்தியின் சிநேகிதிகள்கூட என்னை ‘அம்மைத் தாத்தா’ என்கிறார்கள்.

அண்ணி, வருகிற தையில் நம் வீட்டுக் கல்யாணம். எல்லோரும் இருப்பார்கள், மைக்கும் இருக்கும். மேடையேறிப் பதில் சொல்லுங்கள்: அது அம்மைதான் என்றால், அதே தொட்டியில் கிடந்த நண்டுக்கு ஏன் போடவில்லை?