செமிலிங் போன சீலிங்

கெடா மாநிலத்தில் சூரியனோடு நேருக்கு நேர் சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் கெமாராவ் அண்ணன்தான். மற்றவர்கள் வெயில் வந்தால் விசிறிக்கொள்வார்கள், திட்டுவார்கள், ஐஸ் போட்டு எதையாவது குடிப்பார்கள். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கெமாராவ் என்றால் மலாயில் வறட்சிக் காலம். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. குருண் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று அவர் மனைவியே சொல்லக்கூடும். தைப்பூசம் முடிந்து, தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்தால் போதும், அண்ணனுக்குக் கை துறுதுறுக்கும். தண்ணீர்த் தொட்டி கழுவ, கூரைப் பீலியில் அடைத்த சருகை வார, தகரத்துக்கு வெள்ளைச் சாயம் அடிக்க, காத்தாடி என்று நாங்கள் சொல்லும் மின்விசிறியைக் கழுவ என்று வீடு வீடாகப் போவார். கூலி கிடையாது. ஒரு கோப்பை வரக்கோப்பி, அதுவும் சீனி கம்மியாக.

நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பேன். கதவு இடிபடும்.

"தம்பி! காத்தாடி கழுவியாச்சா?"

"ஆச்சிண்ணே."

"எப்ப?"

"போன வாரம்."

"தள்ளு, நான் பாக்குறேன்."

வீட்டுக்குள் ஏணி வந்துவிடும். என் தூக்கம் போய்விடும். கடன்காரனுக்குக்கூட கதவைத் திறக்காமல் இருக்கலாம், இந்த மனுஷனுக்கு முடியாது.

ஒருமுறை எங்கள் காத்தாடி ஓடாமல் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் அதைக் கழற்றி இறக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். இறக்கையின் மேல்பக்கத்தில், யாரும் பார்க்கவே முடியாத இடத்தில், கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: "கழுவிட்டேன்னு பொய் சொல்றான். சிலந்தி எட்டடை கட்டியிருக்கு." அதற்குக் கீழே இன்னொரு வரி: "வீட்டம்மா நல்ல மாதிரி. கோப்பி நல்லா போடும்." விசாரித்துப் பார்த்தால் தாமானில் எல்லா வீட்டுக் காத்தாடியிலும் இப்படி ஒரு நற்சான்றிதழ் இருந்தது. என் மனைவி மூன்று நாள் சிரித்தாள். இரண்டாவது வரியை மட்டும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

கல்யாணக் கதையைச் சொல்லாவிட்டால் தாமான்காரர்கள் என்னை அடிப்பார்கள். பாடாங் செராயில் ஒரு மண்டபம். ஐயர் கையைத் தூக்கிவிட்டார், மேளக்காரர் தவிலில் கையை வைத்துவிட்டார், மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டான். கூட்டத்தில் இருந்து ஒரு குரல்.

"நிறுத்துங்க! தாலி கட்டாத! நிறுத்து!"

மண்டபமே உறைந்துபோனது. பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ, பாவம். கெமாராவ் அண்ணன் நடுவில் எழுந்து நின்று மேலே கையைக் காட்டினார்.

"காத்தாடி ஆடுது லா! போல்ட்டு லூசு! அத நிறுத்திட்டுக் கட்டுங்க!"

நிறுத்தினார்கள். வேர்க்க வேர்க்கத் தாலி ஏறியது. அன்று பெண் வீட்டாருக்கு அவரைத் திட்ட வார்த்தை போதவில்லை. மறுநாள் மண்டபத்துக்காரர் கழற்றிப் பார்த்தபோது அந்த போல்ட் ஒரு புரியில்தான் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

இவ்வளவு செய்த மனிதரின் சொந்த வீட்டைக் கேளுங்கள். பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்கு வெறும் தகரக் கூரை, சீலிங் கிடையாது. கால் வலியோடு இருந்த அவர் மனைவி சரசு அக்கா, கழிப்பறை பக்கம் என்று அந்த அறையில்தான் படுப்பார். மதியத்தில் உள்ளே போனால் ரொட்டி அடுப்புக்குள் போன மாதிரி இருக்கும்.

"ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு செஞ்சி குடுக்கிறாரு. நான் மட்டும் இங்க வெந்துக்கிட்டிருக்கேன்" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

"அடுத்த வருஷம் போட்டுருவோம் சரசு. மொதல்ல கோயிலடி வீட்டுத் தொட்டிய முடிச்சிட்டு வந்துர்றேன்."

அந்த அடுத்த வருஷம் ஏழெட்டு முறை வந்து போனது.

மூன்று கெமாராவுக்கு முன்பு சரசு அக்காவுக்கு இருதயத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அந்த வியாழக்கிழமை அண்ணன் என் வீட்டுக் கூரையில் இருந்தார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, உன் தகரத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஏறிவிட்டார். நானும் தடுக்கவில்லை. அங்கேயே அவருக்குப் போன் வந்தது. அக்காவை சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இருதயம் ரொம்பப் பலவீனம், சூடு ஆகாது, குளிர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றார்களாம்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கூரையில் உட்கார்ந்தபடியே பலகைக் கடை முதலாளிக்குப் போன் போட்டார். வாயில் நாலு ஆணி. அதைத் துப்பிவிட்டுப் பேசுவோம் என்றுகூட மனுஷனுக்குத் தோன்றவில்லை.

"தவுக்கே! ம்... சீம்... லிங் பலகை! பத்து! அவசரம்! கோயிலுக்குப் பின்னால, ரெண்டாவது வீடு!"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் வரை லாரி வரவில்லை. திரும்பப் போன் போட்டால் தவுக்கே கத்தினார். "நேத்தே லாரியில ஹந்தார் பண்ணியாச்சி லா அண்ணே! செமிலிங்குக்கு!"

"எங்க?"

"செமிலிங்! நீங்கதானே செமிலிங் பலகைன்னு சொன்னீங்க! கோயிலுக்குப் பின்னால, ரெண்டாவது வீடு!"

சீலிங்குக்கும் செமிலிங் என்ற ஊருக்கும் நடுவில் நாலு ஆணிதான் வித்தியாசம். கோயில் இல்லாத ஊர் எது, கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது வீடு இல்லாத கோயில் எது?

"காடிய எடு தம்பி" என்றார் அண்ணன். காரைக் கிளப்பினேன்.

செமிலிங்கில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வாசலில் நின்ற ஆள் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையும் கூப்பினார்.

"கோயில் கமிட்டியில இருந்து வர்றீங்களாண்ணே? மனு குடுத்து ரெண்டு வருஷமாச்சி. நேத்து லாரியில பலகை வந்து எறங்கவும் எங்களால நம்பவே முடியல. ராவோட ராவா அடிச்சிட்டோம். உள்ள வந்து பாருங்கண்ணே."

உள்ளே ஒரு பெண் பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் பிறந்து எட்டோ ஒன்பதோ நாளான குழந்தை. மேலே எங்கள் பலகை பத்தும் புதுசாக, வெள்ளையாக இருந்தன. குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு, ஆனால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் அண்ணன் காதில், "எடுத்துச் சொல்லி கழட்டச் சொல்லட்டுமாண்ணே?" என்றேன்.

"வாய மூடு. புள்ள தூங்குது."

அப்புறம் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆணி எல்லாம் கோணல்" என்றார் அந்த ஆளிடம். "அடுத்த கெமாராவுக்கு வந்து சரி பண்ணிக் குடுக்கிறேன்." அவ்வளவுதான். கமிட்டிக்கு நன்றி சொல்லி அந்தப் பெண் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தார்.

தவுக்கே கடையில் இனி திங்கட்கிழமைதான் பலகை வரும் என்றார்கள். குருணில் மற்ற கடைகளிலும் தீர்ந்துவிட்டது. ஊரையெல்லாம் சீலிங் போடு, சீலிங் போடு என்று விரட்டியவரே இவர்தானே!

சனிக்கிழமை சரசு அக்கா வந்தார். எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று என் மனைவி கெஞ்சினாள். "என் கட்டில்ல படுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும் புள்ள" என்று மறுத்துவிட்டார். அண்ணன் கோணிச் சாக்குகளை நனைத்துத் தகரத்தின் மேல் பரப்பினார். அரை மணிக்கு ஒருமுறை குழாயைப் பிடித்து நனைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வறட்சிக் காலத்தில் நடப்பதுதான். நாங்கள் பீப்பாயில் பிடித்து வைத்திருந்ததை மொண்டு கொடுக்க, வாளி வாளியாக மேலே தூக்கிக்கொண்டுபோய் ஊற்றினார். அந்த வயதில், அந்த வெயிலில்.

மதியம் அக்கா என் மனைவியிடம், "அவர எறங்கி வரச் சொல்லு. மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

என் மனைவி வெளியே வந்து கத்தினாள். "அண்ணே! அக்கா கூப்புடுறாங்க!"

"இந்த ஒரு வாளி. ஊத்திட்டு வந்துர்றேன்னு சொல்லு."

ஊற்றினார். இறங்கி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா போயிருந்தார். அறை கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை வாசலில் கூடாரம் போட்டு, கூட்டமாக நின்றபோது பலகை லாரி வந்து ஹாரன் அடித்தது. யாரோ டிரைவரைத் திட்டப் போனார்கள். அண்ணன் எழுந்துபோய், "அவன் என்னா செய்வான்" என்று சொல்லிவிட்டு, பத்துப் பலகையையும் தானே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அறைக்கு சீலிங் போட்டார். யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. போட்டு முடித்த பிறகு ஒரு நாளும் அங்கே படுக்கவும் இல்லை. முன்வாசலில் கித்தான் கட்டிலைப் போட்டுக்கொண்டார். "அவளுக்குப் போட்டதுல நான் எப்படி தம்பி படுப்பேன்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

அடுத்த கெமாராவுக்குச் சொன்னபடி செமிலிங் போய் அந்தக் கோணல் ஆணிகளைச் சரி செய்துவிட்டு வந்தார். என் கதவையும் இடித்தார். ஆனால் காத்தாடியில் எதுவும் எழுதவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். போன வருஷக் கடைசியில், அடைமழைக் காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். வெயிலால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்தத் தைப்பூசம் முடிந்ததும் ஜொகூரில் இருக்கும் அவர் மகன் போன் செய்தான். "அங்கிள், வீட்ட வாடகைக்கு விடப்போறேன். வெயிலுக்கு முன்னால சீலிங் மேல தூசி, எலி, ஒயரெல்லாம் கொஞ்சம் பாத்து கிளீன் பண்ணி வைக்கிறீங்களா?"

நான்! ஏணியைக் கண்டால் தூங்கப் போகிறவன்! ஆனாலும் அவருடைய ஏணியையே எடுத்துப் போட்டேன். பத்துப் பலகையில் ஒன்றை மட்டும் ஆணி அடிக்காமல் தூக்கித் திறக்கும்படி வைத்திருந்தார். ஈரத் துணியும் டார்ச் லைட்டுமாகத் தலையை உள்ளே விட்டேன். ஒரே தூசி. ஒவ்வொரு பலகையாக, கை எட்டிய மட்டும் துடைத்துக்கொண்டு போனேன். சரசு அக்காவின் கட்டில் இருந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள பலகையில் வெளிச்சம் பட்டது. கறுப்பு மார்க்கர்.

"சரசு, லேட்டாயிருச்சி. கோவிச்சிக்காத."

மார்க்கர் எழுத்து ஈரத் துணிக்கு அழியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பலகையை மட்டும் நான் துடைக்கவில்லை, அண்ணே.