பலகையை அழிக்க வந்த நர்ஸம்மா

நாத்தனார் அக்கா அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுவர்க்கடிகாரமும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி இறங்கியதா?

விஷயத்துக்கு வருகிறேன். "புருஷன் பொழைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மாகிட்ட கெஞ்சினவ" என்று சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னீர்களாம். இரண்டு மாதமாக என் போனையும் எடுப்பதில்லை. நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கட்டில் நம்பர், எதிரே நிலைமை. உங்கள் தம்பிக்கு எதிரே 'கவலைக்கிடம்'. அப்படியென்றால் என்ன என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். "நாடி, மூச்சு, பிரஷர் எதுவும் நிதானத்துல இல்லம்மா. எப்ப வேணா என்ன வேணா ஆகலாம்" என்றார். மூக்கில் குழாயோடு கிடந்த உங்கள் தம்பி, "இவளைக் கட்டின அன்னைக்கே எனக்கு இதை எழுதியிருக்கலாம் டாக்டர்" என்றார். வாய் மட்டும் நிதானத்தில்தான் இருந்தது. கவலைக்கிடம் என்றால் வீட்டு ஆள் ஒருத்தர் நாள் முழுக்கக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரலாம். தேறினால் 'பரவாயில்லை' என்று மாற்றிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள். நான்காம் நாள் சாயங்காலம் நர்ஸம்மா துணியும் கையுமாக வந்து அழித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், நான் ஓவென்று அழுதேன். அதைப் பார்த்துத்தான் வார்டு கூட்டுகிற அம்மா கதை கட்டிவிட்டார். என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம், பலகையில் பரவாயில்லை என்று இருக்கும்போதே உங்கள் தம்பி போய்விட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். "அது எழுதின நேரத்து நிலைமைம்மா" என்றார் டாக்டர். இதில் நான் எங்கே கெஞ்சினேன்? ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தியம்.

அண்ணனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் பேசாவிட்டாலும் உங்கள் வீட்டுப் பெண்

பின்குறிப்பு: சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கெஞ்சினேன் அக்கா. துணியையே பிடுங்கினேன். "ரெண்டு நாளைக்குக் கவலைக்கிடமாவே வைங்கம்மா, நான் பக்கத்துலயே இருந்துக்கறேன்" என்றேன். உங்கள் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் தேறினாலும் இவளுக்குக் குத்தம்" என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. நீங்கள் திட்டுவதற்காவது ஒரு நடை வந்தால், அவர் சிரித்த மாதிரியே சிரித்துக் காட்டுகிறேன்.