மேசைக்கு அடியில் கொடுத்த மனு

அரசு அலுவலகத்துக்குள் உயிருள்ள நண்டுகளைக் கொண்டுபோன குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், இல்லை. (கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நாள் வருத்தப்பட்டது.)

இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவில் நானும், ரூமில் உடன் இருந்த செல்வமும், யாழ்ப்பாணத்து யோகநாதன் அண்ணனும் ஒரு உப்பங்கழிக்குப் போய்த் தூண்டில் போடுவோம். அலையாத்தி மரங்களின் வேரடியில் ஓரா, மடவை மீன்கள் குஞ்சிலிருந்து வளர்கிற இடம் அது. கையளவுக்குக் குறைந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்பது அண்ணனின் சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை போனால் பாதிக் கரையைக் காணோம். யாரோ லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மரங்களை மூடியிருந்தார்கள். அண்ணன் தூண்டிலைச் சுருட்டி வைத்தார்.

"இதை இப்பிடியே விடேலாது. முனிசிபாலிட்டியில போய்ச் சொல்லோணும்."

"நாம யாருண்ணே சொல்றதுக்கு? விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க" என்றான் செல்வம்.

"மீன் பிடிக்கிற நாங்கள் சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் போறேன்" என்றேன். (பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் எழுபத்தெட்டு மார்க். அந்தத் திமிர்.)

மனு எழுதி, தூண்டில் போட வருகிற இருபது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். வெறும் காகிதத்தை யார் நம்புவார்கள் என்று, அந்த வேரடியில் பிடித்த ஆறு நண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, பெயின்ட் வாளியில் போட்டுக்கொண்டேன்.

முனிசிபாலிட்டி அதிகாரி வெள்ளைக் கந்தூரா அங்கியில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லக் குனிந்தபோது முழங்கால் இடித்து வாளி சாய்ந்தது. ஆறும் அவர் மேசைக்கு அடியில் ஓடின. அவர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"யே க்யா ஹே, பாய்?" இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"ஆதாரம் சார்" என்றேன், சுத்தத் தமிழில். எழுபத்தெட்டு மார்க்கும் போய்விட்டது.

தவழ்ந்து மேசைக்கு அடியில் நுழைந்தேன். ஒரு நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியது. வாட்ச்மேன் ஓடிவந்து, "யல்லா, பாஹர்" என்று காலைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். இப்போது போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். மேசைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த இந்தியில் அங்கிருந்தே பேசினேன். மரம் போனால் நண்டு போகும், மீன் போகும். அந்தக் கரை லாரிக்காரனுடையது அல்ல, எல்லோருக்கும் பொது. வந்து பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்லும்வரை நான் வெளியே வரமாட்டேன்.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அதிகாரியின் முகம் குனிந்து எட்டிப் பார்த்தது.

"என் அப்பாவும் அங்கேதான் தூண்டில் போட்டார்" என்றார் இந்தியில். "வெள்ளிக்கிழமை வருகிறேன். கலாஸ், பேச்சு முடிந்தது. முதலில் இதுகளைப் பிடி."

ஐந்துதான் அகப்பட்டன. (ஆறாவதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.)

சொன்னபடி வந்தார். இரண்டு வாரத்தில் இடிபாட்டை அள்ளிவிட்டு, லாரி நுழையாதபடி கம்பித் தடுப்பு போட்டார்கள். புதைந்த மரங்களில் சில பிழைக்கவில்லை. மற்றவை துளிர்த்தன. எனக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீல் மட்டும், கம்பெனி மானம் போய்விட்டது என்று வார்னிங் லெட்டர் கொடுத்தார். அதை ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது ராமநாதபுரத்தில் நான் எந்த ஆபீசுக்குக் கிளம்பினாலும் மனைவி பையை வாங்கிச் சோதிக்கிறாள். "உள்ள எதுவும் உசுரோட இல்லையே?" போன மாதம் எங்கள் கண்மாயில் குப்பை கொட்டுகிறார்கள் என்று தாலுகா ஆபீசுக்குப் புறப்பட்டேன். கல்லூரியில் படிக்கும் மகளும் செருப்பை மாட்டினாள்.

"நானும் வர்றேம்ப்பா. மேசை பெருசா இருந்தா ரெண்டு பேரும் அடியில போயிரலாம்."