ரெண்டு காது அண்ணனும் ஜுன்னர் சிறுத்தையும்

காட்டு மிருகங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் கொடுப்பது என்று அரசாங்கம் என்றைக்காவது முடிவெடுத்திருந்தால், அவற்றுக்குப் படம் எடுக்கத் தகுதியான ஆள் இந்த தேசத்தில் ஒருவர்தான் இருந்தார். புனே கேம்ப் பகுதியில் ஒரு தையல் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே, ஆறடிக்கு எட்டடியில் ஸ்டூடியோ வைத்திருந்த 'ரெண்டு காது' அண்ணன்.

அவருக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு, புனேயை ஒட்டிய கட்கியில் அவர் வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் அது இருக்கிறது என்பார்கள். நான் பார்த்ததில்லை. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து கட்கியில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, மார்க்கெட்டில் மராத்தி, கேமராவிடம் மூன்றும் கலந்து பேசுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையிலிருந்து ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த நான், கேட் பாஸுக்குப் படம் எடுக்க அவரிடம் போனேன். முக்காலியில் உட்காரவைத்து, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இடது காது எங்கபா?"

"இருக்குண்ணே."

"உன்கிட்ட கீது. படத்துல இருக்கணும். ஆபீசர் உன்ன வந்து தடவிப் பாப்பானா?"

முடியை ஒதுக்கிக் காதை வெளியே எடுத்துவிட்டார். பிறகு கேமராவுக்குப் பின்னால் போய், "ரெடி... மூச்சப் புடி" என்றார். பிடித்தேன். அவர் அழுத்துவதற்குள் எங்கள் ஊர் சாமிகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின.

அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுப் பைத்தியம் பிடித்துவிடும். முழங்கை நீளத்துக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் லென்ஸ் வைத்திருந்தார். ஸ்கூட்டரில் போகும்போது அதை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் கிடையாது. பொருந்திவிட்டது.

பயணத்துக்கு முப்பத்தாறு படம் விழும் ஒரே ஒரு ஃபிலிம் ரோல்தான் எடுத்துவருவார். "முப்பத்தாறுல வராதது முன்னூறுலயும் வராது தம்பி" என்பது அவர் கட்சி. அடுத்த சட்டம், மிருகமானாலும் ரெண்டு காதும் தெரிய வேண்டும். "ஒரு காது தெரிஞ்சா அது அரை மிருகம்" என்பார். இதனாலேயே பிக்வான் நீர்த்தேக்கத்துப் பக்கம் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது, பையிலிருந்து கேமராவை எடுக்கவே இல்லை. திரும்பும் வழியில் பத்துக் கிலோமீட்டர் தாண்டி ஸ்கூட்டரை நிறுத்தி, டீ சொல்லிவிட்டு, "அழகாதான் கீது. ஆனா காதே வெக்காம அனுப்பிட்டான் பாரு கடவுளு" என்றார். அதோடு பறவை இனத்தையே கைவிட்டார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய வியாதி ஒன்று இருந்தது. இருபத்தைந்து வருஷம் ஸ்டூடியோவில் நின்றவர் அல்லவா, அவர் வாயும் ஆட்காட்டி விரலும் ஒரே ஒயரில் ஓடின. "ரெடி, மூச்சப் புடி" என்று வாய் சொல்லாமல் விரல் அழுந்தாது.

மயூரேஷ்வர் சரணாலயப் புல்வெளியில் சிங்காரா என்கிற ஒரு சின்ன மானுக்காக இரண்டரை மணி நேரம் முள்ளுக்குள் படுத்திருந்தோம். கடைசியில் அது எங்களை நேருக்கு நேர் பார்த்தது. ஆலிலை மாதிரி ரெண்டு காது. அண்ணன் கண் கலங்க, "ரெடி" என்றார். "மூச்ச" என்பதற்குள் மான் அடுத்த தாலுகாவில் இருந்தது. "புடி" என்றபோது விரல் அழுந்தியது.

அப்படியாக அவர் எடுக்கப் போனதெல்லாம் மிருகம், கிடைத்ததெல்லாம் இயற்கைக் காட்சி. கடையில் ஓர் ஆல்பம் உண்டு. காலை வெயிலில் மின்னும் புல், பனியில் பாதி மறைந்த மலை, காற்றில் சாயும் நாணல் என்று ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவர் அதைப் புரட்டிக் காட்டும்போது, "இது நரி. இது முயலு. இதுல ரெண்டு மயிலு" என்பார். விசா படம் எடுக்க வந்த ஒரு டாக்டர் மயங்கிப்போய், அந்தப் புல்வெளியைத் தன் கிளினிக்கில் மாட்டக் கேட்டார்.

"புல்வெளி இல்ல டாக்டர் சாப், நரி."

"நரி எங்கே இருக்கிறது?"

"அது போயிடுச்சு. இது அது நின்ன எடம்."

டாக்டர் நாடி பார்க்கிற பார்வை ஒன்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் சிறுத்தைக் கதை. நான் புனே வருவதற்கு எட்டு வருஷம் முன்னால், புனேக்கு வடக்கே ஜுன்னர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில், ரெண்டு காதோடு ஒரு சிறுத்தை தன்னைப் பார்த்து நின்றதாகச் சொல்வார். படம் இருக்கிறது. படத்தில் கரும்பு இருக்கிறது. கட்கித் தமிழர்கள் அவரைப் பார்த்தால், "இன்னா, சிறுத்த சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்கள். நானும் விசாரித்திருக்கிறேன். சிரித்துக்கொள்வார். ஆனால் அண்ணி கேட்கும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

அண்ணி என்று நான் கூப்பிட்டது அவர் மனைவியை. ஒரு மார்கழி ஞாயிறு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னாங்க, பொங்கலுக்குள்ள உங்க சிறுத்த படத்துல வரணும். வரலேன்னா கேமரா என் தம்பிக்குப் போவும். அவன் கல்யாண வூட்டுல எடுப்பான். அவங்களாவது ஓடாம நிப்பாங்க."

"கண்டிப்பா வரும் அண்ணி" என்றேன் நான்.

"நீ பேசாத. இந்த வூட்டு சோத்தத் துன்றவன் சாட்சி செல்லாது."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு ஜுன்னர் போனோம். கரும்புத் தோட்டத்துக்காரர், நேற்று சாயங்காலம்கூட வந்தது, நாயைத் தூக்கிப்போனது என்று ஆடு மேய வந்ததைச் சொல்கிற மாதிரி மராத்தியில் சாதாரணமாகச் சொன்னார். வழியெல்லாம் யோசித்து நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். அண்ணன் வாயில் கைக்குட்டையை மடித்து வைத்தேன். சோதித்துப் பார்த்தோம். "ம்ம், ம்ம்ம் ம்ம்" என்றார். விரல் அழுந்தியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான் விடும் மூச்சு லாரி மாதிரி இருக்கிறது என்று சைகையில் சொல்லி, என்னை இருபது அடி தள்ளி வரப்பில் உட்காரவைத்தார். சாயங்காலம் ஐந்து மணி வரை கரும்பு அசையும் போதெல்லாம் அழுத்தினார். முப்பத்தைந்து போய்விட்டது. விரலால் ஒன்று என்று காட்டினார்.

அப்போதுதான் வந்தது. கரும்பு விலகிய சத்தம்கூடக் கேட்கவில்லை. எதிர் வரப்பில், மஞ்சள் வெயிலில், வரி வாங்க வந்த அதிகாரி மாதிரி நிதானமாக வந்து நின்றது. எங்களைப் பார்த்தது. ரெண்டு காது. அண்ணன் கேமராவைத் தூக்கினார். கைக்குட்டைக்குள் "ம்ம்" என்றார். எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

கத்தக் கூடாது, ஓடக் கூடாது என்று தெரியும். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டு ஊறியது தானாக என் வாயில் வந்தது. நல்ல கணீர்க் குரலில் சொன்னேன்.

"ரெடி... மூச்சப் புடி."

சிறுத்தை இல்லை. கரும்பு இருந்தது.

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். லென்ஸும் கூடவே திரும்பியது. கைக்குட்டைக்குள் "ம்ம், ம்ம்ம் ம்ம்" என்றார். கடைசி ஃபிலிமும் போனது.

கட்கி வரும்வரை அவர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

புதன்கிழமை பிரிண்ட் வந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். "கரும்பு. கரும்பு. கரும்பு. பொங்கலுக்கு வாங்கவே வேணாம்." முப்பத்தாறாவது படத்தில் நின்றார். நான். வாய் திறந்திருக்கிறது, கண் வெளியே வந்திருக்கிறது, தலைமுடி நட்டுக்கொண்டிருக்கிறது. ரெண்டு காதும் பளிச்சென்று தெரிகிறது. அண்ணி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நடிச்சு வர்ற மூஞ்சி இல்ல" என்றார். "பத்து வருசத்துக்கு மின்னாடியும் நெசமாதான் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்து போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கேமராவின் மேல் போட்டார். "மூடி வைங்க. தூசி படுது. ஞாயித்துக்கெழம வேணுமில்ல."

அதன் பிறகு அந்தப் படம் ஸ்டூடியோ ஷோகேஸில், கல்யாணப் பெண்களுக்கும் மொட்டை போட்ட குழந்தைகளுக்கும் நடுவே பல வருஷம் இருந்தது. யார் என்று கேட்டால் அண்ணன், "அது ஜுன்னர் சிறுத்த" என்பார். கேட்டவர் ஒன்றும் புரியாமல் முடியை ஒதுக்கிக்கொண்டு முக்காலியில் உட்காருவார்.

நான் புனேயை விட்டு வந்து நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் யாராவது செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. நானாகவே காதுக்குப் பின்னால் முடியைத் தள்ளிக்கொள்கிறேன். நானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எடுத்தாகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகும், கொஞ்ச நேரம் விடுவதில்லை.