பட்டா பிரிவில் ஒரு பல் சீரமைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், பெயரைச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடிய ஓர் அலுவலகத்தில், பட்டா பிரிவு உதவியாளர் விஜயபாண்டிக்கு முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. சித்திரையில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் கல்யாணம். அன்று போட்டோவில் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம்.

ராஜபாளையம் பல் டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

"கம்பின்னா பல்லோட ஒட்டிரும். நீங்க மறந்தாலும் அது வேலை பார்க்கும். அலைனர் கண்ணாடி மாதிரி உறை, வெளிய தெரியாது. ஆனா திங்கவும் குடிக்கவும் கழட்டணும், பல்லு விளக்கித்தான் திரும்ப மாட்டணும்."

வெளியே தெரியாமல் காரியம் நடப்பதே அலுவலக மரபு என்பதால் விஜயபாண்டி அலைனரைத் தேர்ந்தெடுத்தார்.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு டீக்கும் கழற்றி, விளக்கி, மாட்ட முடியாமல் டீயையே விட்டார். டீக்குப் போகாதவர் நாற்காலியில் இருக்க நேர்ந்தது. நாற்காலியில் இருந்தவர் பொழுது போகாமல் கோப்பைத் திறந்தார்.

மகாராஜபுரம் விவசாயி சமுத்திரத்துக்கு, மனுக் கொடுத்த வாரமே பட்டா கிடைத்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது ஒரிஜினல்தானா?"

"ஏன்யா?"

"ஒரு தடவகூட 'போயிட்டு வா'ன்னு சொல்லலையே! அம்புட்டு சீக்கிரம் வந்த பட்டாவ பேங்குல நீட்டுனா, என்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவாக."

பட்டாவை மேசையிலேயே வைத்துவிட்டு, தாசில்தாரிடம் போய்ப் புகார் சொன்னார். சமுத்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. உடனே கிடைப்பதை நாமும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். புகார்கள் குவிந்தன.

தாசில்தார் பதறிப்போனார். "என்ன காரியம்யா பண்ணிட்ட? ஜனங்களுக்கு நம்ம மேல இருந்த நம்பிக்கையே போச்சு."

"பல்லுக்காகத்தான் சார் டீயை விட்டேன்."

"கம்பி போட்டா டீ குடிக்கலாமா?"

"தாராளமா, சார்."

"பொறவென்ன?"

பொதுமக்கள் நலன் கருதி, கம்பி மாட்டிக்கொள்ள வாய்மொழி உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. விஜயபாண்டி டீக்கடைக்குத் திரும்பினார். கோப்புகள் உறங்கின. சமுத்திரம் மாதக்கணக்கில் அலைந்து, அதே பட்டாவை அதே மேசையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நன்றி மறக்காமல் கல்யாணத்துக்கும் வந்தார்.

"சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர். கம்பி தெரிந்துவிடுமே என்று மாப்பிள்ளை உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

சமுத்திரம் பூரித்துப்போனார். "இப்பத்தான் சார் அசல் ஆபீசர் மாதிரி இருக்கீக. எதுக்கும் வாயத் தொறக்காம!"

அந்தப் படத்தில் தாசில்தார் முதல் சமுத்திரம் வரை மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் பல்லும் தெரிகிறது, மாப்பிள்ளை பல்லைத் தவிர.